பார்க்க வந்தவர் கையில் பிரம்பு

ஜெயிலுக்கு நம்ம ஊர்ல "மாமியார் வீடு"ன்னு ஒரு பேரு உண்டு. யார் வெச்சாங்களோ தெரியலை, ஆனா பேரு அவ்வளவு பொருத்தமில்லை. நிஜ மாமியார் வீட்டுல சாப்பாடு சரியில்லைன்னா மாப்பிள்ளை நம்ம வீட்டுக்கு வந்து புலம்பலாம். ஜெயில்ல இருக்கிறவன் யாருகிட்ட போய்ப் புலம்புவான்? சோத்துல கல்லு, செல்லுக்குள்ள மூத்திர நாத்தம், நேத்து ராத்திரி வார்டர் அடிச்சுட்டார்... எதுவா இருந்தாலும் அந்த வார்டர்கிட்டயோ, அவரோட மேலதிகாரிகிட்டயோதான் சொல்லணும். அடிச்சவரே விசாரணை அதிகாரி. அப்புறம் எவன் வாயைத் திறப்பான்?

இதுக்கு ஒரே மருந்து, சிறைத்துறையைச் சேராத வெளியாள் ஒருத்தர் நினைச்ச நேரத்துல உள்ளே போய்ப் பார்த்து, கைதியைத் தனியா வெச்சுப் பேசி, பார்த்ததை வெளியே வந்து சொல்றது. கேட்க ரொம்ப சுலபமா இருக்கு. இங்கிலாந்து இந்த யோசனையைச் சட்டமாக்கி இருநூறு வருஷம் ஆச்சு. ஆனா அந்த வெளியாளைக் கைதி நம்பணும்னா என்ன வேணும்ங்கிறது அவங்களுக்குப் புரிய அதுல பெரும்பகுதி போயிடுச்சு. கொஞ்ச நாளா இதைப் பத்தித்தான் வாசிச்சுக்கிட்டு இருக்கேன். கொஞ்சம் நீளமான பதிவுதான், ஒரு டீயோட உட்காருங்க.

முன்னுதாரணம் தேடிப் போனவர்

18-ம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஜெயில் என்பது பெரும்பாலும் ஒரு வியாபாரம். பல ஊர்களில் ஜெயிலருக்குச் சம்பளம் கிடையாது. கைதிகளிடம் வசூலிக்கும் கட்டணம்தான் வருமானம். படுக்கைக்குக் காசு, விலங்கைக் கழற்றக் காசு, விடுதலையாகி வெளியே போகவும் காசு. கோர்ட்டில் "குற்றவாளி இல்லை" என்று தீர்ப்பு வந்த ஆள்கூட ஜெயிலருக்குக் கட்டணம் கட்ட முடியாமல் மறுபடி உள்ளேயே கிடப்பான்.

1773-ல் ஜான் ஹோவர்ட் என்பவர் பெட்ஃபோர்ட்ஷயர் கவுண்டிக்கு (நம்ம ஜில்லா மாதிரி) ஷெரீஃப் ஆனார். அது பெரும்பாலும் அலங்காரப் பதவி. கோர்ட் கூடும்போது அங்கி போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் போதும். ஜெயில் ஷெரீஃபின் பொறுப்பில் இருந்தாலும் அதற்குள்ளே போய்ப் பார்த்த ஷெரீஃப் அபூர்வம். இவர் போனார். இளவயதில் கடல் பயணத்தில் பிரெஞ்சுக் கொள்ளைக் கப்பலிடம் சிக்கி பிரான்ஸில் சிறையில் கிடந்தவர் இவர், 1756-ல். பட்டவனுக்குத்தானே தெரியும்.

விடுதலையானவர்கள் கட்டணத்துக்காக அடைபட்டிருப்பதைப் பார்த்தவர், "ஜெயிலருக்குக் கவுண்டி நிதியிலிருந்து சம்பளம் கொடுத்துவிடுங்கள், இந்த வசூல் வேண்டாம்" என்று கௌரவ மாஜிஸ்திரேட்டுகளிடம் கேட்டார். அவர்கள் சொன்ன பதில் எல்லா ஊர் ஆபீஸிலும் கிடைக்கிற பதில்தான்: இதுக்கு முன்னுதாரணம் இருக்கா?

மனுஷன் முன்னுதாரணம் தேடிக் குதிரையில் கிளம்பிவிட்டார். பக்கத்துக் கவுண்டி, அதற்கடுத்த கவுண்டி என்று போய்க்கொண்டே இருந்தார். முன்னுதாரணம் கிடைக்கவில்லை. எல்லா இடத்திலும் அதே கொடுமைதான் கிடைத்தது. ஜெயில் நாற்றம் உடுப்பில் ஏறி, மூடின வண்டிக்குள் உட்கார முடியாமல்தான் குதிரையில் போனாராம். குறிப்பு நோட்டைக்கூட நெருப்பு முன்னால் விரித்துக் காட்டிய பிறகுதான் பயன்படுத்த முடிந்தது என்று எழுதியிருக்கிறார்.

1774-ல் நாடாளுமன்றம் அவரைக் கூப்பிட்டு விசாரித்தது. அதே வருஷம் இரண்டு சட்டங்கள் வந்தன. ஒன்று, விடுதலையானவர்களிடம் கட்டணம் வாங்குவதை நிறுத்தியது. இன்னொன்று, கைதிகளின் ஆரோக்கியம் பற்றியது. சட்டம் போட்டாச்சு என்று ஹோவர்ட் வீட்டில் உட்காரவில்லை. அமலாகுதா என்று பார்க்க மறுபடி கிளம்பினார். 1777-ல் இங்கிலாந்து, வேல்ஸ் சிறைகளின் நிலை பற்றி அவர் வெளியிட்ட புத்தகத்தில் உணர்ச்சிப் பொங்கல் குறைவு. எந்த ஜெயில், எத்தனை பேர், அறை எத்தனை அடி, தண்ணீர் இருக்கா, ரொட்டி எவ்வளவு... கணக்குப்பிள்ளை நோட்டு மாதிரி இருக்கும். அதுதான் அதன் பலம். கொடுமை என்று சொன்னால் மறுக்கலாம், அடிக்கணக்கை எப்படி மறுப்பது?

1790-ல் ரஷ்யப் பேரரசின் கெர்சோன் நகரத்தில் (இன்று உக்ரைன்) காய்ச்சல் கண்டு இறந்தார். அப்போதும் ஆஸ்பத்திரிகளையும் சிறைகளையும் பார்க்கும் பயணத்தில்தான் இருந்தார்.

ஹோவர்ட் பற்றி இவ்வளவு சொல்லக் காரணம் உண்டு. அவர் கையில் ஒரு நோட்டும் பேனாவும் மட்டும்தான் இருந்தன. யாரையும் தண்டிக்கிற அதிகாரம் அவருக்குக் கிடையாது. இதை ஞாபகம் வெச்சுக்குங்க, பின்னாடி தேவைப்படும்.

பார்வையாளரே நீதிபதி

தனிமனிதர் ஆர்வத்தை நம்பி எத்தனை நாள் ஓட்டுவது? அரசாங்கம் இதைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. 1823-ம் வருஷச் சட்டப்படி மாஜிஸ்திரேட்டுகள் முறைவைத்துச் சிறைகளைப் பார்வையிட வேண்டும். 1835-ல் அரசாங்கமே சிறை இன்ஸ்பெக்டர்களை நியமித்தது. 1877-ம் வருஷச் சட்டம், அதுவரை உள்ளூர் மாஜிஸ்திரேட்டுகள் நிர்வகித்து வந்த சிறைகளை மத்திய அரசின் கைக்கு மாற்றியது. நிர்வாகத்தை இழந்த மாஜிஸ்திரேட்டுகளுக்கு "விசிட்டிங் கமிட்டி" என்ற புது வேலை. 1898-ல் நீண்டகாலக் கைதிகள் இருந்த சிறைகளுக்கு "போர்டு ஆஃப் விசிட்டர்ஸ்", அதாவது பார்வையாளர் வாரியம் வந்தது. பிற்பாடு, 1971-ம் வருஷச் சட்டத்துக்குப் பிறகு, எல்லாச் சிறைகளுக்கும் இந்த வாரியம்தான்.

இவர்களுடைய வேலை என்ன? சிறையைச் சுற்றிப் பார்ப்பது. கைதியின் குறை கேட்பது. சாப்பாட்டைச் சோதிப்பது. தவறு இருந்தால் உள்துறை அமைச்சருக்கு எழுதுவது. நல்லாத்தானே இருக்கு?

இதுல ஒரு கூத்து என்னன்னா, இன்னொரு வேலையும் அவங்க தலையில் இருந்தது. சிறைக்குள் கைதி சின்னத் தப்புப் பண்ணினால் சிறைக் கவர்னரே (நம்ம ஊர் சூப்பிரண்டெண்ட்) விசாரித்துத் தண்டிப்பார். பெரிய தப்பாக இருந்தால் விசாரித்துத் தண்டிப்பது இந்தப் பார்வையாளர்கள்!

தண்டனைன்னா லேசுப்பட்டது இல்லை. கலகம் செய்ததற்கோ, காவலரைக் கடுமையாகத் தாக்கியதற்கோ பிரம்படியும் சவுக்கடியும் விதிக்க அவர்களால் முடியும், அமைச்சர் ஒப்புதல் வேண்டும் என்றாலும். தலைப்பில் சொன்ன பிரம்பு உவமை இல்லைங்க, நிஜப் பிரம்புதான். 1967-ல்தான் சிறையில் உடல் தண்டனை சட்டப்படி ஒழிந்தது. அதற்கப்புறமும் அவர்கள் கையில் பிரம்பைவிடக் கொடிய ஒன்று மிச்சம் இருந்தது. நாள்கணக்கு. நன்னடத்தைக்காகத் தண்டனைக் காலத்தில் மூன்றில் ஒரு பங்கு கழிவு கிடைக்கும். ரெமிஷன் என்பார்கள். அந்தக் கழிவிலிருந்து நூற்றுக்கணக்கான நாட்களைப் பார்வையாளர் வாரியம் வெட்டலாம். வாரியம் கையெழுத்துப் போட்டால் வீட்டுக்குப் போகும் நாள் ஒரு வருஷம் தள்ளிப் போகும்.

ஒரு கைதியோட இடத்துல நின்னு யோசிச்சுப் பாருங்க. திங்கக்கிழமை ஒருத்தர் செல் வாசலுக்கு வந்து, "என்னப்பா, குறை ஏதாவது இருக்கா? தைரியமா சொல்லு, நான் சிறைத்துறை ஆள் இல்லை" என்கிறார். வியாழக்கிழமை காவலர் உங்க மேல குற்றச்சாட்டு எழுதுகிறார். விசாரணை அறைக்குள் கொண்டுபோனால் மேஜைக்கு அந்தப் பக்கம் அதே ஆள். அடுத்த திங்கக்கிழமை அவர் வந்து குறை கேட்டா என்ன சொல்லுவீங்க? "ஒண்ணுமில்லீங்க ஐயா, எல்லாம் நல்லா இருக்கு." அவ்வளவுதான். அதை அவர் நோட்டுல எழுதுவார்: கைதிகளிடம் குறை இல்லை.

கேட்டவர் நல்லவராகவே இருக்கலாம். சம்பளம் வாங்காமல் வந்து உழைத்தவர்கள்தான் பெரும்பாலும். ஆளை இல்லை, இருந்த நாற்காலியைத்தான் குறை சொல்லணும்.

ஹல், ஆல்பனி, ஸ்ட்ரேஞ்ச்வேஸ்

இது தப்பு என்று அப்போதே சொன்னவர்கள் உண்டு. 1975-ல் ஜெல்லிகோ பிரபு தலைமையில் ஒரு குழு, மூன்று தன்னார்வ அமைப்புகள் சேர்ந்து அமைத்தது, இரண்டு வேலையும் ஒரே ஆளிடம் இருக்கக் கூடாது என்று சொன்னது. அரசாங்கம் கேட்கவில்லை.

அடுத்த வருஷமே, 1976 ஆகஸ்ட் கடைசியில், ஹல் சிறையில் பெரிய கலவரம். அடங்கின பிறகு பார்வையாளர் வாரியம் உட்கார்ந்து கைதிகளுக்கு வரிசையாகத் தண்டனை கொடுத்தது. கைதிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். "சிறைக்குள் நடக்கும் ஒழுங்கு நடவடிக்கையில் நீதிமன்றம் தலையிடாது" என்பது அதுவரைக்கும் இருந்த நம்பிக்கை. அப்பீல் கோர்ட் அதை உடைத்தது: வாரியம் நீதிபதி போல விசாரிக்கிறது என்றால் அது நீதிமன்றத்தின் பரிசீலனைக்கு உட்பட்டதே. பிறகு 1979-ல், சாட்சிகளைக் கூப்பிட நியாயமான வாய்ப்புத் தரவில்லை என்பது போன்ற காரணங்களால் வாரியம் கொடுத்த பல முடிவுகள் ரத்தாயின.

அதே 1979-ல் இன்னொன்றும் நடந்தது. ஹல் கலவரத்துக்குப் பிறகு கைதிகளை அடித்ததற்காகச் சிறை ஊழியர்கள் எட்டுப் பேரை யார்க் நகர நீதிமன்றம் குற்றவாளிகள் என்றது. அதாவது, எந்தக் கலவரத்துக்காக வாரியம் கைதிகளை விசாரித்துத் தண்டித்ததோ, அதே கலவரத்தை ஒட்டி அந்தச் சுவர்களுக்குள் கைதிகள் அடிபட்டும் இருந்தார்கள். ஒரே வாரியம் ஒரு கையால் தண்டனை எழுதி, இன்னொரு கையால் குறை கேட்கணும். முடியுமா?

ஹல் எரிந்த சில நாட்களிலேயே, 1976 செப்டம்பரில், ஒயிட் தீவில் இருக்கும் ஆல்பனி சிறையிலும் மோதல். கேம்ப்பெல் என்ற கைதிக்கு வாரியம் 570 நாள் கழிவை வெட்டியது. வக்கீல் கிடையாது. வழக்கு ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போய் 1984-ல் தீர்ப்பு வந்தது. வக்கீல் உதவி மறுத்தது தப்பு என்றது நீதிமன்றம். வாரியம் சுதந்திரமானதா என்ற கேள்விக்கு மட்டும், சட்டப்படி சுதந்திரமானதுதான் என்று சொல்லிவிட்டது. வாரியம் நிர்வாகத்தோடு ஒட்டியது என்று கைதிகள் நினைக்கலாம், சிறை போன்ற இடத்தில் அந்த எண்ணம் தவிர்க்க முடியாதது என்ற தொனியில் அந்தத் தீர்ப்பு பேசுகிறது.

எனக்கு இந்த இடம்தான் உறுத்தியது. நீதிமன்றம் பார்த்தது யார் நியமித்தார்கள், எத்தனை வருஷப் பதவி, யார் நீக்க முடியும் என்பதை. கோர்ட்டுக்கு அது போதும். குறை சொல்லப் போகிறவனுக்குப் போதுமா? அவன் நம்பாவிட்டால் காகிதத்தில் இருக்கும் சுதந்திரத்தை வைத்துக்கொண்டு என்ன பண்ணுவது?

பதில் 1990 ஏப்ரல் 1-ம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, மான்செஸ்டர் ஸ்ட்ரேஞ்ச்வேஸ் சிறையின் தேவாலயத்தில் வெடித்தது. 970 பேருக்கான இடத்தில் 1,647 பேர். ஒருத்தருக்குக் கட்டிய செல்லில் இரண்டு மூன்று பேர். செல்லுக்குள் கழிப்பறை இல்லை, வாளிதான், காலையில் வரிசையில் நின்று கொட்டணும். பிரார்த்தனை நேரத்தில் தொடங்கிய கலகம் 25 நாள் நீடித்தது. கைதிகள் கூரை மேல் ஏறி நின்று ஊர் உலகத்தைப் பார்த்துக் கத்தினார்கள். யோசிச்சுப் பாருங்க, குறை கேட்கவென்றே ஒரு வாரியம் உள்ளே இருக்கு. இவங்க கூரையைப் பிய்த்துக்கொண்டு தெருவில் போகிறவர்களிடம் குறை சொல்றாங்க!

நீதிபதி வுல்ஃப் விசாரித்தார். சிறைகளின் தலைமை இன்ஸ்பெக்டர் நீதிபதி ஸ்டீஃபன் டியூமிமும் அதில் சேர்ந்துகொண்டார். கைதிகளுக்கும் ஊழியர்களுக்கும் கடிதம் எழுதியே கருத்துக் கேட்டார்கள். 1991-ல் வந்த அறிக்கையின் சாரம்: சிறையில் பாதுகாப்பும் கட்டுப்பாடும் மட்டும் போதாது, நீதியும் வேண்டும், மூன்றும் சமமாக இருக்கணும். அதில் ஒரு பரிந்துரை நம்ம கதைக்கானது. பார்வையாளர் வாரியத்திடமிருந்து தண்டிக்கும் அதிகாரத்தை எடுத்துவிடுங்கள்.

1992 ஏப்ரலில் எடுத்தார்கள். 1877-ல் இருந்து எண்ணினால் 115 வருஷம். 2003-ல் பெயரையும் மாற்றி "சுதந்திரக் கண்காணிப்பு வாரியம்" ஆக்கினார்கள். ஹோவர்டிடம் இருந்தது போல நோட்டும் பேனாவும் மட்டும் கையில். போகிற போக்கில் சிறைச் சாவியும் கிடைத்தது! உறுப்பினர்கள் சம்பளம் இல்லாத சாதாரணக் குடிமக்கள். எந்த நேரமும் எந்தப் பகுதிக்கும் போகலாம், காவலர் காதில் விழாமல் கைதியோடு பேசலாம், தனிமைக் கொட்டடியில் இருப்பவர்களைப் பார்க்கணும், வருஷா வருஷம் அமைச்சருக்கு அறிக்கை எழுதி வெளியிடணும். கைதியின் தண்டனை நாட்களைக் கூட்டும் வேலை கவர்னரிடம் போய், அதுவும் ஸ்ட்ராஸ்பர்க்கில் அடிபட்டு, 2002-ல் இருந்து வெளி நீதிபதிகளிடம் போனது.

அதோட சுபமா?

அப்படி முடிச்சா அது பழைய சினிமா. லண்டன் கேட்விக் விமான நிலையம் பக்கத்தில் ப்ரூக் ஹவுஸ் என்று ஒரு தடுப்பு மையம் இருக்கிறது. குடியேற்ற வழக்கில் இருப்பவர்களை அடைக்கும் இடம். அங்கும் சுதந்திரக் கண்காணிப்பு வாரியம் இருந்தது. 2017-ல் உள்ளே நடந்த வன்முறையை வெளியே கொண்டுவந்தது வாரியம் இல்லை. அங்கே வேலை பார்த்த இளைஞர் ஒருவர் ஒளித்து வைத்துப் படம்பிடித்த கேமராவும் பிபிசியும்தான். பொது விசாரணை நடந்து 2023-ல் அறிக்கை வந்தது. ஐந்து மாதத்தில் 19 சம்பவங்கள், சித்திரவதை மற்றும் இழிவாக நடத்துவதற்கு எதிரான மனித உரிமைப் பிரிவை மீறியிருக்கக்கூடியவை என்று அது கண்டது. பிரம்பைக் கீழே போட்டால் மட்டும் நம்பிக்கை தானா வந்துடாது. தினமும் போய்ப் பழகும்போது அலுவலர்களோடு டீ குடித்து, அவங்க கண்ணாலேயே பார்க்கத் தொடங்கும் ஆபத்து எப்பவும் உண்டு.

இப்ப நம்ம பக்கம். நம் சிறைச் சட்டம் பிரிட்டிஷ்காரர்கள் 1894-ல் எழுதியது. அதில் சிறைப் பார்வையாளர்களை நியமிக்க விதி செய்ய இடம் இருக்கிறது. நீதிபதி, கலெக்டர் போன்றவர்கள் அலுவல் வழிப் பார்வையாளர்கள். ஊரில் உள்ள மற்றவர்களை அரசு நியமித்தால் அலுவல் சாராப் பார்வையாளர்கள். அந்த வாரியத்துக்கு இங்கே இன்னமும் "போர்டு ஆஃப் விசிட்டர்ஸ்" என்றுதான் பேர்.

எமர்ஜென்சியில் 1976 பிப்ரவரியில் சென்னை மத்திய சிறையில் மிசா கைதிகள் அடிபட்டது நம்ம எல்லாருக்கும் தெரிந்த கதை. ஆட்சி மாறி, நீதிபதி இஸ்மாயில் கமிஷன் உட்கார்ந்த பிறகுதான் அது முறைப்படி பதிவானது. அடிபட்டவர்கள் பேர் தெரிந்த அரசியல்வாதிகள். அவங்களுக்கே அந்த நிலைமை.

1979-ல் திகார் சிறையில் இருந்த சுனில் பத்ரா என்ற கைதி, சக கைதியை வார்டர் சித்திரவதை செய்ததாக உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். நீதிபதி கிருஷ்ணய்யர் அதையே மனுவாக எடுத்துக்கொண்டு, வக்கீல்கள் சிறைக்குப் போய்க் கைதிகளோடு ரகசியமாகப் பேச வசதி வேண்டும், புகார்ப் பெட்டி வைக்க வேண்டும் என்றெல்லாம் உத்தரவிட்டார். 2024 அக்டோபரில், பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா தொடுத்த வழக்கில், சிறைக்குள் சாதிப் பாகுபாடு சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. நம்ம பாளையங்கோட்டை சிறையில் சாதிவாரியாகப் பிரித்து வைப்பதும் அந்த மனுவில் உண்டு. அது நிற்கிறதா என்று பார்த்துச் சொல்லும் வேலையை நீதிமன்றம் யாரிடம் கொடுத்தது தெரியுமா? மாவட்டச் சட்ட உதவி ஆணையத்திடமும், இதே பார்வையாளர் வாரியத்திடமும்.

ஆக, வாரியம் இருக்கா என்று மட்டும் கேட்டால் பத்தாது. இங்கிலாந்துக்காரன் 115 வருஷம் செலவழித்துக் கற்றதை நாம இலவசமா எடுத்துக்கலாம். மூணு கேள்வி போதும்: சொல்லிக்கொள்ளாமல் உள்ளே போக முடியுதா? பக்கத்தில் யாரும் நிற்காமல் கைதியோடு பேச முடியுதா? அவர் எழுதினது நமக்குப் படிக்கக் கிடைக்குதா?

உங்க ஊர்ப் பக்கம் யாராவது அலுவல் சாராப் பார்வையாளரா இருந்திருந்தா, உள்ளே என்ன பார்த்தாங்க, எழுதிக் கொடுத்தது என்ன ஆச்சுன்னு கேட்டு எழுதுங்களேன். ஹோவர்ட் மாதிரி அடிக்கணக்கோட எழுதினா இன்னும் விசேஷம்.